வாய் நமநமக்கும் பத்தரை மணி: இரவு இனிப்புப் பழக்கத்தை எங்கே பிடிப்பது?

கேள்வி இதுதான்: பகல் முழுக்க இனிப்பைத் தொடாமல் இருக்க முடிகிறது. இரவு வேலையெல்லாம் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கை தானாக டப்பாவைத் திறக்கிறது. பசி இல்லை என்று நன்றாகவே தெரிகிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "இது ஆழ்மனப் பிரச்சினை, அதைச் சரிசெய்தால்தான் போகும்" என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

டப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு மல்லுக்கட்டினால் பெரும்பாலான நாள் டப்பாதான் ஜெயிக்கும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து, அங்கே கை வைக்க வேண்டும். கீழே வருவதில் முக்கால்வாசி அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

முதலில் ஆழ்மனம் என்ற சொல். அறிதுயில் (ஹிப்னாடிசம்), உறுதிமொழி ஆடியோ, 21 நாள் சவால் என்று பலரும் இதை வைத்துக் கடை விரித்திருக்கிறார்கள். அவ்வளவு மர்மம் இதில் கிடையாது. யோசிக்காமலே நடக்கும் வேலைகளை மூளை தனியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது. செருப்பைக் கழற்றுவது, கேஸை அணைப்பது போலத்தான் டப்பாவைத் திறப்பதும். 1990-களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அளந்து பார்த்தார். ஆரம்பத்தில் வாயில் பழச்சாறு விழும்போது அந்தச் செல்கள் துடித்தன. பழகப் பழக, சாறு வருவதற்கு முன் எரியும் விளக்குக்கே துடிக்க ஆரம்பித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால், துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. டப்பாவைத் திறக்காமல் படுத்த இரவில் "என்னவோ குறையுதே" என்று எரிச்சலாக இருப்பதையும் ஏறக்குறைய இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் விளக்கு எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பழக்கம் எந்த அளவுக்கு ருசியைக்கூடப் பொருட்படுத்தாது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 2011-இல் டேவிட் நீல், வெண்டி வுட் ஆகியோர் சினிமா பார்க்க வந்தவர்களுக்கு ஒரு வாரம் பழசான பாப்கார்னைக் கொடுத்தார்கள். தியேட்டர் என்றாலே பாப்கார்ன் என்று பழகியவர்கள், நமுத்துப்போனதையும் புதிய பாப்கார்ன் அளவுக்கே தின்றார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேதான்! அதேபோல் பழகிய வேறு ஆட்களைத் தியேட்டர் அல்லாத அறையில் வைத்துப் பார்த்தபோது பழசைக் குறைவாகவே தின்றார்கள். வழக்கமாக எடுக்காத கையால் சாப்பிடச் சொன்னபோதும் குறைந்தது. இடமும் கையும்தான் தின்றிருக்கின்றன. இந்தக் கடைசி விஷயம் இலவசமாகக் கிடைக்கும் ஒரு உத்தி: வலக்கைக்காரர் என்றால் இனிப்பை இடக்கையில் எடுங்கள். அபத்தமாக இருக்கும். அந்த அபத்தம்தான் உங்களை விழிக்க வைக்கிறது.

இனி உணர்ச்சிக்கு வருவோம். நல்ல சேதி சொன்னவரிடம் "உன் வாயில சர்க்கரையப் போடணும்" என்போம். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. (தேனை ஒரு வயதுக்குள் தரவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு ஆபத்து உண்டு.) சர்க்கரைத் தண்ணீர் சிசுவின் அழுகையைத் தணிக்கும் என்பது உண்மைதான், ஊசி போடும் முன் சில சொட்டு சுக்ரோஸ் கரைசல் தருவது மருத்துவமனைகளிலும் நடக்கிறது. விழுந்து முட்டி பெயர்ந்தால் மிட்டாய், பரீட்சையில் தேறினால் லட்டு, கோபித்துக்கொண்டால் சாக்லேட். இப்படி வளர்ந்த ஒருவருக்கு, அலுப்போ வருத்தமோ வந்தால் நாக்கு இனிப்பைத் தேடுவதில் விசித்திரம் ஒன்றுமில்லை. அதைப் பலவீனம் என்று திட்டிக்கொள்வது வீண்.

ஆனால் எல்லா ஆசையும் மனசிலிருந்து வருவதில்லை. வயிற்றுக் காரணத்தை ஒதுக்காமல் மனசைத் தோண்டினால் நேரம்தான் விரயம். மதியம் 1 மணிக்கு வெள்ளைச் சாதமும் ரசமும், அப்புறம் இரவு 9 மணி வரை இரண்டு டீ என்றால், இரவு உடம்பு கேட்கத்தான் கேட்கும். 4 மணி வாக்கில் ஒரு கிண்ணம் சுண்டல் (உலர்ந்த கொண்டைக்கடலையாக 40 கிராம் ஊறவைத்தால் 8 கிராம் போலப் புரதம்), அல்லது ஒரு அவித்த முட்டை. இரவுச் சாப்பாட்டில் கெட்டியாகப் பருப்போ, முட்டையோ, மீனோ ஒன்று. தூக்கம் 5 மணி நேரத்துக்குக் கீழே போகும் நாட்களில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. அந்த நாளில் மன உறுதியைச் சோதித்துப் பார்க்காதீர்கள், சீக்கிரம் படுத்துவிடுங்கள். இவற்றைப் பத்து நாள் செய்தாலே ஆசை பாதி விழுந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆழ்மன ஆராய்ச்சி தேவையில்லை.

மெக்னீசியக் குறைவால்தான் சாக்லேட் ஆசை வருகிறது என்று சுற்றும் செய்தியை நம்பி மாத்திரை வாங்க வேண்டாம். அப்படியென்றால் முருங்கைக்கீரைக்கும் எள்ளுக்கும் நாக்கு ஊற வேண்டுமே.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் இவற்றோடு இனிப்பு கேட்டால் அது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவு இறங்கிவிட்டது. உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. கீழே சொல்லும் "15 நிமிடம் பொறு" என்ற உத்தி இவர்களின் அந்த நேரத்துக்குப் பொருந்தாது. இப்படி அடிக்கடி வந்தால் மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசியாக வேண்டும்.

வயிறா மனசா என்று பிரிக்கத் தமிழிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது: வயிறு பசிக்கும், வாய் நமநமக்கும். சந்தேகம் வந்தால் உங்களையே கேளுங்கள், "இப்ப தயிர்சாதமும் ஊறுகாயும் தந்தா சாப்பிடுவேனா?" சாப்பிடுவேன் என்றால் பசி, சாப்பிடுங்கள். "அது வேணாம், அதிரசம்தான் வேணும்" என்றால் வாய்.

வாய் என்று தெரிந்த பிறகு ஏழு நாள் ஒரு குறிப்பு எழுதுங்கள். இந்த ஏழு நாளும் இனிப்பைக் குறைக்க முயலாதீர்கள். குறைத்தால் பழக்கம் தன் முகத்தைக் காட்டாது. எழுத வேண்டியது மணி, இடம், சற்று முன் செய்த வேலை, உடம்பில் என்ன, மனசில் ஓடிய வாக்கியம், தின்றது. நோட்டு டப்பாவுக்கு மேலேயே இருக்கட்டும். திறக்கும் முன் எழுத வேண்டும். தின்ற பிறகு எழுதினால் குற்ற உணர்ச்சிதான் பேசும், அதற்கு முன் இருந்த உணர்ச்சி அழிந்துவிடும். பலர் செய்யும் இன்னொரு தப்பு, இதைக் கலோரிக் கணக்காக மாற்றிவிடுவது. எத்தனை கிராம் என்பது இப்போது தேவையில்லை.

ஒருவரின் குறிப்பு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"செவ்வாய் 10:20. மேடை துடைச்சாச்சு, ஹால் லைட் அணைஞ்சிருக்கு. தோள் இறுக்கம், குதிகால் வலி. 'இன்னிக்கும் எனக்குன்னு அஞ்சு நிமிஷம் இல்ல.' ரவா லட்டு 2."

"புதன் 10:35. நாளைக்கு டிபனுக்கு ஊறவெச்சேன். கண் எரிச்சல். 'எல்லாம் முடிஞ்சுது.' லட்டு 1, கொஞ்சம் சர்க்கரை கரண்டியில."

"வியாழன். வரல. அக்கா போன், பத்து மணியிலேர்ந்து பத்தேமுக்கால் வரைக்கும்."

இதில் மிக முக்கியமான வரி வியாழக்கிழமைதான். ஆசை வராத நாளை யாரும் எழுதுவதில்லை, அதனால் விடை கையில் இருந்தும் தெரிவதில்லை. அக்காவோடு பேசிய இரவில் லட்டு நினைவுக்கே வரவில்லை என்றால், லட்டு செய்துகொண்டிருந்த வேலையை அக்காவின் குரல் செய்துவிட்டது என்று அர்த்தம். விளக்கும் தெரிகிறது: துடைத்த மேடை, அணைந்த ஹால். "எல்லோருக்கும் செய்து முடித்தேன், இனி என் முறை" என்று மூளைக்குச் சொல்லும் அடையாளம் அது. லட்டு அந்த முறையின் ரசீது.

ஒரே வாரத்தை வைத்து முடிவுகட்ட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். அந்த நேரம் வந்ததும் மூன்று இரவு மொட்டைமாடியில் 15 நிமிடம் உட்காருங்கள். அடுத்த மூன்று இரவு யாருக்காவது போன். அடுத்த மூன்று இரவு சர்க்கரை போடாத சூடான பால். அடுத்த மூன்று இரவு பல் விளக்கிவிட்டு நேராகப் படுக்கை. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஆசைக்கு 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். 8 என்று ஆரம்பித்து 3-க்கு இறக்குவது எதுவோ, உங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். படுக்கை இறக்கினால் அது அலுப்பு. போன் இறக்கினால் தனிமை. மாடி இறக்கினால் யாரும் கூப்பிடாத 15 நிமிடம். பால் இறக்கினால் சாப்பாட்டைத் திரும்பப் பாருங்கள், பசி மிச்சமிருக்கிறது.

பகலில் வருகிறவை வேறு மாதிரி. அலுவலகத்தில் 4 மணிக்கு பிஸ்கட் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் பிடிக்காத ஒரு வேலை மேஜையில் காத்திருக்கும். அதை வெறும் 5 நிமிடம் தொட்டுவிட்டு எழுந்தால் பிஸ்கட் ஞாபகம் தளர்வது உண்டு. கோபத்தை மென்று முழுங்குகிறவர்களின் கதை இன்னும் சிக்கல். மாமியாரோ மேலதிகாரியோ சொன்ன ஒரு சொல் 11 மணிக்கு உள்ளே போயிருக்கும், அல்வா 3 மணிக்கு உள்ளே போகும். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதே தெரியாது. இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி அவ்வளவாக உதவுவதில்லை. அந்த இடத்தில் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று பேச்சு நடையில் இரண்டு வரி எழுதிக் கிழித்துப் போடுவது மேல். அந்த ஆளிடமே ஒரு வாக்கியமாவது சொல்லிவிட முடிந்தால் அதைவிட மேல்.

காரணம் தெரிந்ததும் ஒரு வாக்கியம் எழுதிச் சமையல்கட்டில் ஒட்டுங்கள். "இனிமேல் ராத்திரி இனிப்பு சாப்பிட மாட்டேன்" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. அதில் எப்போது என்பதும் இல்லை, என்ன செய்வது என்பதும் இல்லை. போதாக்குறைக்கு இனிப்பு என்ற சொல் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. "மேடைத் துணியைப் பிழிந்து காயப்போட்டதும், தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன்" என்று எழுதுங்கள். இப்படி 'இது நடந்ததும் அது' என்ற அமைப்பில் போடும் திட்டம் வெறும் தீர்மானத்தைவிட நன்றாக நிறைவேறுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். துணியைப் பிழிவது என்ற நுனியைப் பிடித்ததுதான் இங்கே விஷயம். "பத்தரை மணிக்கு" என்று எழுதினால் கடிகாரத்தை யார் பார்ப்பது?

டப்பாவின் இடத்தையும் மாற்றுங்கள். கண் மட்டத்தில் இருந்த கண்ணாடி ஜாடி எவர்சில்வர் தூக்குக்கு மாறி, பரணுக்கு ஏறட்டும். ஸ்டூல் போட்டு ஏறும் அந்த அரை நிமிடத்தில் புத்தி வந்து சேரும். வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். நாலே நாளில் அது திருடன்-போலீஸ் விளையாட்டாகி, "எனக்கு நீ யாரு சொல்ல?" என்ற சண்டையில் முடியும். அந்தச் சண்டையே அடுத்த லட்டுக்குக் காரணமாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஆசை வரும். வந்தால் "நினைக்காதே" என்று அமுக்காதீர்கள், அமுக்கினால் இன்னும் மேலே வரும். ஆசை அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். பெரும்பாலும் 15, 20 நிமிடத்துக்குள். போதைப்பழக்கச் சிகிச்சையில் உளவியலாளர் ஆலன் மார்லட் கொண்டுவந்த உத்தி இது. உட்கார்ந்து, ஆசை உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது: நாக்கின் ஓரத்தில் ஊறலா, தொண்டையில் இழுப்பா, நெஞ்சில் பரபரப்பா? பெயர் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வதும் தளர்வதும் தெரியும். உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் 15 நிமிடம் வேகமாக நடக்கலாம். எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வுகளில் இந்த அளவு நடையே சாக்லேட் ஆசையைக் குறைத்தது. இன்னொரு வேடிக்கையான வழி, போனில் டெட்ரிஸ் போல கட்டம் அடுக்கும் விளையாட்டை 3 நிமிடம் ஆடுவது. ஆசை என்பது பெரும்பாலும் மனதில் ஓடும் படம்; நெய் மினுக்கும் மைசூர்பாகு, அதன் ஓட்டை ஓட்டையான உள்பக்கம். கண்ணும் மனசும் கட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தால் அந்தப் படத்துக்கு இடமில்லாமல் போகிறது. பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ரீல்ஸ் பார்ப்பது இதற்கு மாற்றாகாது. பத்தாவது ரீலில் யாராவது குலாப் ஜாமூன் பொரித்துக்கொண்டிருப்பார்கள்.

அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரைக்கு அடிமையாதல் என்பது டிஎஸ்எம்-5 என்ற மனநோய்ப் பட்டியலில் இல்லை. அடிமைத்தனம் போன்ற நடத்தை எலிகளிடம் தெரிந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சோதனைகளில், எலிகளைத் தினமும் 12 மணி நேரம் பட்டினி போட்டு, அப்புறம் சர்க்கரைத் தண்ணீரையும் தீனியையும் திறந்துவிட்டார்கள். எப்போதும் கிடைத்த எலிகள் அப்படி வெறிபிடித்துக் குடிக்கவில்லை. பகலெல்லாம் விரதம், இரவில் வேட்டை என்ற நம் கதைக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். அதனால் வாரத்தில் இரண்டு நாள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, தட்டில் வைத்து, உட்கார்ந்து, ஒரு துண்டு சாப்பிடுங்கள். நின்றபடி, இருட்டில், டப்பாவிலிருந்து நேராக வாய்க்குப் போவதைத்தான் முறிக்க வேண்டும்.

டீயில் போகும் சர்க்கரை உணர்ச்சிக் கணக்கில் வராது, ஆனால் கிராம் கணக்கில் அதுதான் பெரிது. ஒரு தட்டை டீஸ்பூன் 4 கிராம். ஒரு டீக்கு 2 ஸ்பூன், நாளுக்கு 4 டீ என்றால் 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குக் கீழே, முடிந்தால் 5-க்கும் கீழே. இரண்டாவது அளவு ஏறக்குறைய 25 கிராம்தான். வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு சண்டை போடாது. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் டீக்கடையில் "ஸ்ட்ராங்கா, சக்கர தூக்கலா" என்று கேட்பீர்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது (ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அந்தப் பரிந்துரை சேர்க்கவில்லை).

எத்தனை நாளாகும்? 21 நாள் என்பதை மறந்துவிடுங்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துப் பார்த்தபோது, புதுப் பழக்கம் தானாக நடக்க ஆரம்பிக்க நடுமதிப்பு 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியது கணக்கைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. கெடுப்பது தவறிய நாளின் மறுநாள் காலைதான். "போச்சு, எல்லாம் போச்சு, இன்னிக்கு முழுக்கத் தின்னுட்டு நாளையிலேர்ந்து பாக்கலாம்" என்ற வாக்கியம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் காலை இட்லியை வழக்கம்போல் சாப்பிடுங்கள், அதைத் தண்டனையாகக் குறைக்காதீர்கள். குறைத்தால் அன்று இரவும் போகும்.

குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்தவே முடியாமல், ஒளிந்து தின்பது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால், அல்லது தின்றதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்றால், குறிப்பு நோட்டோடு நிற்காதீர்கள். அது சிகிச்சை உள்ள உண்ணும் கோளாறு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் பார்க்கலாம். டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக உறவுக்காரர் வீடு. "சர்க்கரையக் குறைச்சிருக்கேன்" என்று சொன்னால் விவாதம் ஆரம்பித்துவிடும். "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்பார்கள். "வயிறு முட்ட சாப்ட்டேன் அத்தை, ரெண்டு பொட்டலம் கட்டிக் குடுங்க, வீட்டுல வெச்சு சாப்பிடறேன்" என்றால் அத்தையின் மனசும் கோணாது, கையும் வாய்க்குப் போகாது. அந்தப் பொட்டலத்தை வழியிலேயே யாருக்குக் கொடுப்பது என்று கிளம்பும்போதே முடிவுசெய்துவிடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் பத்தரை மணிக்கு அதற்கும் ஒரு முறை வரும்.